பதினெட்டு எழுத்து டிஎன்ஏவை மடிக்கணினியில் உருக்கிப் பார்த்த கதை

ஒற்றை இழை டிஎன்ஏ சில சமயம் தன்மேலேயே மடிந்து கொண்டை ஊசி வடிவம் எடுத்துக்கொள்ளும். சூடேற்றினால் விரியும், குளிரவிட்டால் மறுபடி மடியும். எந்த வெப்பநிலையில் பாதி மடிந்தும் பாதி விரிந்தும் இருக்கும் (உருகு வெப்பநிலை என்பது அதுதான்) என்பதைக் காகிதத்தில் கணக்குப் போட்டுச் சொல்லலாம், கணினியில் ஓட்டியும் பார்க்கலாம். நான் இரண்டையும் செய்து ஒப்பிட்டேன். செய்தபடியே எழுதுகிறேன், வேண்டியவர்கள் அப்படியே செய்து பார்க்கலாம். ஜிபியு எனும் வரைகலைச் செயலி தேவையில்லை. லினக்ஸ் போட்ட சாதாரண மடிக்கணினி போதும்.

கருவியின் பெயர் ஆக்ஸ்டிஎன்ஏ. ஆக்ஸ்ஃபோர்டில் தாமஸ் ஓல்ட்ரிட்ஜ், ஆர்ட் லூயிஸ், ஜோனதன் டோய் ஆகியோர் உருவாக்கிய மாதிரி இது. 2010, 2011 ஆண்டுகளில் அடிப்படைக் கட்டுரைகள் வந்தன. எழுத்துக்கு எழுத்து வலிமை மாறும் வடிவத்தைப் பெட்ர் ஷுல்ட்ஸும் மற்றவர்களும் 2012இல் சேர்த்தார்கள். சுருளின் பெரிய பள்ளம், சிறிய பள்ளம், உப்பின் அளவு இவற்றைக் கணக்கில் எடுக்கும் இரண்டாம் பதிப்பு 2015இல் பென் ஸ்னோடின் முதன்மை ஆசிரியராக வெளிவந்தது. நிரல் திறந்த மூலம், யாரும் இறக்கிக்கொள்ளலாம்.

டிஎன்ஏ இழையில் ஓர் எழுத்துக்கு உரிய துண்டுதான் நியூக்ளியோடைடு. ஒரு நியூக்ளியோடைடில் முப்பது சொச்சம் அணுக்கள் இருக்கின்றன. சுற்றிலும் தண்ணீர், உப்பு அயனிகள். இத்தனையையும் தனித்தனியாக நகர்த்தும் சிமுலேஷன்கள் வழக்கமாக ஒரு படிக்கு இரண்டு ஃபெம்டோ வினாடி என்ற வேகத்தில் ஊர்கின்றன. ஓர் இழை மடிந்து விரிவதைப் பலமுறை பார்க்க வேண்டும் என்றால் மடிக்கணினியில் நடக்காது. அதனால் அணுக்களைக் கூட்டமாகச் சேர்த்து ஒரே துண்டாக எடுத்துக்கொள்கிறார்கள். கோர்ஸ்-கிரெய்ன்ட் மாதிரி என்று சொல்வது இதைத்தான். எவ்வளவு சேர்ப்பது என்பது அவரவர் கேள்வியைப் பொறுத்தது. டி பாப்லோ குழுவின் மாதிரி ஒரு நியூக்ளியோடைடுக்கு மூன்று மணிகள் வைக்கிறது: ஃபாஸ்பேட்டுக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, ஏ, டி, ஜி, சி என்ற எழுத்தாக நாம் எழுதும் காரத்துக்கு ஒன்று. ஆக்ஸ்டிஎன்ஏ முழு நியூக்ளியோடைடையும் வளையாத ஒரே பொருளாக எடுத்துக்கொண்டு, அதன்மேல் முதுகெலும்பு, அடுக்கல் (காரங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து அமர்வது), ஹைட்ரஜன் பிணைப்பு ஆகியவற்றுக்கு ஆளுக்கொரு புள்ளி வைக்கிறது. தண்ணீர் கிடையாது. அதன் விளைவு மட்டும் விசைகளுக்குள் ஒளிந்திருக்கிறது.

அந்த விசைகளை அமைத்திருக்கும் விதம்தான் எனக்கு இந்த மாதிரியில் மிகவும் பிடித்தது. முதுகெலும்புப் பிணைப்பு ஓரளவுக்கு மேல் நீளாது. எதிரெதிர்க் காரங்களுக்கு நடுவே ஹைட்ரஜன் பிணைப்பு, அதே இழையில் அடுத்தடுத்த காரங்களுக்கு நடுவே அடுக்கல், குறுக்காக ஓர் அடுக்கல், இழை முறிந்த இடத்தில் நேர்கோட்டு அடுக்கல், இவற்றோடு ஒன்றை ஒன்று ஊடுருவாமல் தடுக்கும் விலக்கு. சுருளாகு என்று யாரும் கட்டளையிடவில்லை. முதுகெலும்பில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம், அடுக்கிய காரங்களுக்கு இடையே உள்ள தூரத்தைவிட அதிகம். அடுக்கலையும் விடக் கூடாது, முதுகெலும்பையும் சுருக்க முடியாது என்றால் இழை முறுக்கிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. இரட்டைச் சுருள் அந்த இழுபறியில் தானாகவே வருகிறது.

எடுத்துக்கொண்ட தொடர் ஆக்ஸ்டிஎன்ஏவின் எடுத்துக்காட்டுகளில் உள்ள கொண்டை ஊசிதான். மொத்தம் 18 எழுத்துகள்:

ஜி-சி-ஜி-டி-டி-ஜி, சி-டி-டி-சி-டி-சி, சி-ஏ-ஏ-சி-ஜி-சி.

முதல் ஆறும் கடைசி ஆறும் ஒன்றுக்கொன்று இணையாகித் தண்டாகும். நடு ஆறும் வளையம். உருகு வெப்பநிலை 334 கெல்வினுக்குப் பக்கத்தில், அதாவது ஏறக்குறைய 61 டிகிரி செல்சியஸ் என்று எடுத்துக்காட்டிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு தனி இழைகள் சேரும் இரட்டைச் சுருளை எடுக்காமல் கொண்டை ஊசியை எடுத்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு இழைகள் என்றால் செறிவு உள்ளே வந்துவிடும். சிறிய பெட்டியில் ஒரே ஒரு ஜோடியை வைத்து ஓட்டிக் கிடைக்கும் விகிதம், சோதனைக் குழாயில் கோடிக்கணக்கான ஜோடிகள் காட்டும் விகிதமாக இருக்காது. அதற்குத் தனியாகத் திருத்தம் போட வேண்டும். கொண்டை ஊசி தன்னோடு தானே சேர்கிறது. ஓர் இழை எவ்வளவு நேரம் மடிந்திருக்கிறதோ அந்தப் பங்கே குழாயில் மடிந்திருக்கும் இழைகளின் பங்கும். ஆரம்பிப்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

நிறுவுவதில் சொல்ல அதிகம் இல்லை. நிரலை இறக்கி, அதற்குள் ஒரு பில்டு அடைவு உருவாக்கி, சிமேக், மேக் என்ற தொகுப்புக் கருவிகள் இரண்டையும் ஓட்டினால் முடிந்தது. சி பிளஸ் பிளஸ் தொகுப்பானும் சிமேக்கும் முன்பே இருக்க வேண்டும். ஜிபியுவுக்கான கூடா இல்லாமல் சிபியுவுக்கு மட்டும் தொகுத்தேன். ஆயிரக்கணக்கான நியூக்ளியோடைடு கொண்ட டிஎன்ஏ ஒரிகாமி (நீண்ட டிஎன்ஏவை மடித்துச் செய்யும் உருவங்கள்) போன்றவற்றுக்கு ஜிபியு உயிர்நாடி. 18 நியூக்ளியோடைடுக்கு அதற்குக் கொடுக்க வேலையே இருக்காது.

ஓட்டுவதற்கு மூன்று கோப்புகள் வேண்டும். டாப்பாலஜிக் கோப்பின் முதல் வரியில் எத்தனை நியூக்ளியோடைடு, எத்தனை இழை என்று இருக்கும். அதன்பின் ஒவ்வொரு வரியிலும் இழை எண், எழுத்து, இரண்டு பக்கத்து அண்டை எண்கள். அமைப்புக் கோப்பில் நேரம், பெட்டியின் அளவு, ஆற்றல் என்று மூன்று தலைப்பு வரிகள்; அப்புறம் நியூக்ளியோடைடுக்கு ஒரு வரி, வரிக்குப் பதினைந்து எண்கள். மூன்று எண்கள் இடம், ஆறு எண்கள் எந்தத் திசையை நோக்கியிருக்கிறது என்பது, மூன்று வேகம், மூன்று சுழல் வேகம். மூன்றாவது இன்புட் கோப்பு. வெப்பநிலை, படி அளவு, எத்தனை படிகள், எதை எப்போது பதிவு செய்வது எல்லாம் அதில்.

டாப்பாலஜியில் கவனிக்க வேண்டியது திசை. இழையின் இரு முனைகளுக்கு 5′, 3′ என்று பெயர். டிஎன்ஏ தொடரை 5′ முனையிலிருந்து 3′ முனைக்கு எழுதுவது எல்லோருக்கும் கைப்பழக்கம். ஆக்ஸ்டிஎன்ஏவின் பழைய டாப்பாலஜி வடிவம் இதற்கு நேர்மாறாக 3′ முனையிலிருந்து ஆரம்பிக்கிறது. புதிய வடிவம் வழக்கமான திசைக்கு வந்துவிட்டது என்றாலும் பழைய கோப்புகள் இன்னும் நிறையப் புழங்குகின்றன. இந்தத் தொடரைத் திருப்பிப் போட்டாலும் முதல் ஆறும் கடைசி ஆறும் இணையாகத்தான் இருக்கும். அதனால் படத்தைப் பார்த்துத் திசையைக் கண்டுபிடிக்க முடியாது. இதற்குக் கீழே இன்னொரு சுவையான விஷயம் இருக்கிறது, கணக்குப் போடும்போது வருகிறேன்.

அலகுகளையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. நீள அலகு ஒன்று 0.8518 நானோமீட்டர். விசை அலகு ஒன்று 48.63 பைக்கோநியூட்டன். நேர அலகு ஒன்று 3.03 பைக்கோ வினாடி. வெப்பநிலை 0.1 என்றால் 300 கெல்வின். என் பெட்டியின் பக்கம் 20 அலகு, அதாவது 17 நானோமீட்டர். இழை முழுக்க நீண்டு கிடந்தாலும் பெட்டியைத் தாண்டி வந்து தன் வாலையே தொட்டுவிடாத அளவு. படி அளவு 0.005 வைத்தால் ஒரு படிக்கு 15 ஃபெம்டோ வினாடி ஆகிறது. பத்துக் கோடி படிகள் ஓடினால் ஒன்றரை மைக்ரோ வினாடி. இந்த மைக்ரோ வினாடியை அப்படியே நம்பிவிடக் கூடாது. மாதிரியில் இழை தண்ணீரில் நகர்வதைவிட வேண்டுமென்றே வேகமாக நகரவிடப்படுகிறது. தண்ணீரின் இழுவையும் அணுக்களின் உரசலும் போய்விட்டதால் எல்லாமே துரிதமாக நடக்கிறது. இரண்டு நிகழ்வுகளில் எது வேகமானது என்று ஒப்பிடலாம். இத்தனை மைக்ரோ வினாடியில் மடிகிறது என்று அறிவிக்கக் கூடாது.

முதலில் மடிக்க வேண்டும். விரிந்த இழையை அப்படியே ஓடவிட்டுத் தானாக மடியக் காத்திருக்கலாம். சீக்கிரம் வேண்டுமென்றால் பரஸ்பர இழுப்பு என்ற வெளிவிசையைப் போடலாம். இன்ன நியூக்ளியோடைடு இன்ன நியூக்ளியோடைடிலிருந்து இவ்வளவு தூரத்தில் இருக்கட்டும் என்று ஒரு மெல்லிய ஸ்பிரிங் கட்டுவது அது. தண்டில் இரண்டு இணைகளைத் தேர்ந்தெடுத்து, விரும்பும் தூரம் 1.2 அலகு, அதாவது ஒரு நானோமீட்டர் என்று கொடுத்தேன். ஒரு வரி விசை ஒரு நியூக்ளியோடைடை மட்டும்தான் இழுக்கும். எதிர்ப்பக்கத்துக்கும் தனியாக ஒரு வரி எழுதினால்தான் இழுப்பு பரஸ்பரமாகும். எழுதாவிட்டால் மொத்த மூலக்கூறும் ஒரு பக்கமாக இழுபட்டுப் போகும். ஸ்பிரிங்கின் விறைப்பு 1 என்றால், ஒரு அலகு தூரம் விலகியதற்கே 48 பைக்கோநியூட்டனுக்கு மேல் இழுக்கும். ஒரு மூலக்கூறுக்கு அது பலத்த இழுப்பு. சின்ன எண்ணே போதும்.

மடிந்ததும் அந்த அமைப்பை எடுத்துக்கொண்டு வெளிவிசை வரிகளை முழுக்க நீக்கிவிட்டுத்தான் உண்மையான ஓட்டத்தை ஆரம்பிக்க வேண்டும். ஸ்பிரிங் இருக்கும்போது அளக்கும் உருகு வெப்பநிலைக்கு அர்த்தமே இல்லை.

அமைப்பு கையால் செய்ததாகவோ வேறு கோப்பு வடிவத்திலிருந்து மாற்றியதாகவோ இருந்தால் ஓட்டம் ஆரம்பிக்கும்போதே நின்றுவிடும் வாய்ப்பு உண்டு. பிணைந்த இரு அண்டைகளுக்கு நடுவே உள்ள தூரம் எல்லையைத் தாண்டிவிட்டது என்று செய்தி வரும். முதுகெலும்புப் பிணைப்பு குறிப்பிட்ட நீளத்துக்கு மேல் முடிவிலி ஆற்றல் கேட்கும் வகையைச் சேர்ந்தது, அதனால்தான். முதுகெலும்பு விசைக்கு உச்சவரம்பு வைக்கும் அமைப்பு இன்புட்டில் இருக்கிறது. அதைப் போட்டுச் சிறிது நேரம் தளரவிட்டு, பிறகு வரம்பை எடுத்துவிடலாம்.

இனி 334 கெல்வினில் ஓட்டம். ஆற்றல் கோப்பில் நான்கு பத்திகள் வரும்: நேரம், நிலை ஆற்றல், இயக்க ஆற்றல், மொத்தம். கடைசி மூன்றும் ஒரு நியூக்ளியோடைடுக்கு. எல்லோரும் நிலை ஆற்றலைத்தான் முதலில் பார்ப்பார்கள். நான் இயக்க ஆற்றலைப் பார்க்கச் சொல்வேன். வளையாத பொருள் ஒன்றுக்கு நகர மூன்று வழி, சுழல மூன்று வழி, ஆக ஆறு. ஒவ்வொரு வழிக்கும் வெப்பநிலையில் பாதி. ஆக இயக்க ஆற்றலின் சராசரி வெப்பநிலையைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும். 300 கெல்வின் 0.1 என்ற அலகில் 334 கெல்வின் 0.1113. அதை மூன்றால் பெருக்கினால் 0.334. அதாவது மூன்றாம் பத்தியின் சராசரியை ஆயிரத்தால் பெருக்கினால் கெல்வினில் வெப்பநிலை அப்படியே கிடைக்கிறது! இந்த மாதிரியின் அலகுகள் கொடுக்கும் இனாம் இது. வெப்பநிலைக் கட்டுப்பாடு வேலை செய்கிறதா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

ஒற்றை வரியைப் பார்த்துப் பதற வேண்டாம். 18 நியூக்ளியோடைடு என்றால் மொத்தம் 108 வழிகள்தான். இவ்வளவு சிறிய அமைப்பில் கணத்துக்குக் கணம் இயக்க ஆற்றல் பதினான்கு சதவீதம் அளவுக்கு ஆடுவது இயல்பு. 0.29 என்று ஒரு வரியும் 0.38 என்று அடுத்த வரியும் வந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்றுதான் பொருள். ஆடாமல் 0.334இலேயே நின்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

மடிந்திருக்கிறதா என்று அறிய ஹைட்ரஜன் பிணைப்புகளை எண்ணச் சொன்னேன். ஓர் இணையின் பிணைப்பு ஆற்றல் −0.1 அலகுக்குக் கீழே போனால் அதைப் பிணைப்பு என்று எண்ணுவது ஆக்ஸ்டிஎன்ஏவின் வழக்கம். அந்த எண்ணிக்கையை நேரத்துக்கு எதிராக வரைந்தால் கதை கண்முன் வருகிறது. கோடு நெடுநேரம் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே துடித்துக்கொண்டிருக்கும். திடீரென்று பூஜ்யத்துக்குச் சரியும். அங்கே நெடுநேரம் கிடக்கும். இடையில் ஒன்று, பூஜ்யம், இரண்டு, பூஜ்யம் என்று சின்னச் சின்ன முட்டல்கள். அவற்றில் ஏதோ ஒன்று மட்டும் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று ஆறுக்கு ஏறும். மூன்றில், நான்கில் தங்குவதே இல்லை.

ஆக்ஸ்வியூ என்ற பார்வைக் கருவி பிரௌசரிலேயே ஓடும். டாப்பாலஜியையும், ஓட்டத்தின் நிலைகள் வரிசையாகப் பதிவாகும் பாதைக் கோப்பையும் அதில் இழுத்துப் போட்டுத் தாவும் இடங்களை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். விரியும்போது பெரும்பாலும் வெளிமுனையிலிருந்து பிரிகிறது. வெளிமுனை இணைக்கு ஒரு பக்கம்தான் அடுக்கலின் ஆதரவு இருக்கிறது, அதனால் அது சும்மாவே திறந்து மூடிக்கொண்டிருக்கும். மடியும்போது வளையத்துக்குப் பக்கத்து இணைகள் முதலில் சந்திப்பது வசதி, ஏனென்றால் அவை ஏற்கெனவே பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றிரண்டு இணைகள் சேர்ந்த பிறகு மிச்சம் ஜிப் மூடுவதுபோல ஏறிவிடுகிறது. வளையத்தில் இருக்கும் ஆறு எழுத்துகளும் தொளதொளவென்று கிடப்பதில்லை என்பது என்னைக் கவர்ந்த இன்னொன்று. இணை இல்லாவிட்டாலும் பக்கத்துப் பக்கத்து எழுத்துகள் அடுக்கிக்கொள்ளப் பார்க்கின்றன, பிரிகின்றன, மறுபடி அடுக்குகின்றன.

இனி காகிதம்.

ஜான் சாண்டாலூசியா 1998இல் தொகுத்த அண்டை இணை அட்டவணை டிஎன்ஏ உருகுதலைக் கணிக்க உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அடுத்தடுத்த இரண்டு எழுத்துகளைச் சேர்த்து ஒரு படி என்று எண்ணி, படிக்கு இவ்வளவு என்தால்பி (பிணைப்பில் வெளிவரும் வெப்பம்), இவ்வளவு என்ட்ரோபி (இழை இழக்கும் சுதந்திரம்) என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். நம் தண்டில் ஐந்து படிகள். என்தால்பி மோலுக்கு கிலோகலோரியில்: ஜி-சி −9.8, சி-ஜி −10.6, ஜி-டி −8.4, டி-டி −7.9, டி-ஜி −8.5. கூட்டினால் −45.2. என்ட்ரோபி அதே வரிசையில் −24.4, −27.2, −22.4, −22.2, −22.7. கூட்டினால் −118.9 கலோரி, கெல்வினுக்கு.

இங்கே அந்தத் திசை விஷயம். தொடரைத் தலைகீழாகப் படித்தால் ஜி-சி படி சி-ஜி ஆகிறது, சி-ஜி படி ஜி-சி ஆகிறது. ஜி-டியும் டி-ஜியும் இடம் மாறிக்கொள்கின்றன. டி-டி அப்படியே. அதே ஐந்து எண்கள், வரிசை மட்டும் வேறு. ஆகவே இந்தத் தண்டுக்குத் திசையைத் திருப்பினாலும் கூட்டுத்தொகை துளியும் மாறாது. படமும் காட்டிக்கொடுக்காது, காகிதமும் காட்டிக்கொடுக்காது. வேறு தொடரில் இந்தச் சலுகை இருக்காது, அதனால் டாப்பாலஜிக் கோப்பின் முதல் எழுத்தையும் அண்டை எண்களையும் கண்ணால் படித்து உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அடுத்து வளையம். ஆறு எழுத்து வளையத்தை மூட 37 டிகிரியில் 4.0 கிலோகலோரி செலவு. அதை முழுக்க என்ட்ரோபி என்று எடுத்தால் −12.9. ஆக்ஸ்டிஎன்ஏவின் முதல் பதிப்பு 0.5 மோலார் உப்புக்கு என்றே பொருத்தப்பட்டது. அட்டவணையோ 1 மோலாருக்கு. உப்புத் திருத்தம் படிக்கு 0.368 பெருக்கல் உப்புச் செறிவின் இயல் மடக்கை, ஐந்து படிக்கு −1.3. வளைய வாயிலில் உள்ள பொருந்தாத இணைக்கு ஒரு சிறு திருத்தம் உண்டு, அதை விட்டுவிட்டேன். மொத்த என்ட்ரோபி −133.1. என்தால்பியை அதனால் வகுத்தால் 339.6 கெல்வின், ஏறக்குறைய 66 டிகிரி.

எடுத்துக்காட்டு 334 என்கிறது. ஐந்தரை கெல்வின் வித்தியாசம் ஏன்?

அந்த ஓட்டம் சராசரி எழுத்து மாதிரியில் ஓடுகிறது. ஏ டியோடு சேரும், ஜி சியோடு சேரும் என்ற விதி அதில் உண்டு. ஆனால் எல்லா இணைக்கும் ஒரே வலிமை. நம் தண்டிலோ ஆறில் நான்கு ஜி-சி இணைகள். அந்தக் கூடுதல் பலம் மாதிரியின் கண்ணில் படவில்லை. சரி, காகிதத்தையும் அதே மாதிரி ஆக்கிப் பார்ப்போம் என்று பதினாறு வகைப் படிகளின் சராசரியை எடுத்தேன். என்தால்பி −8.275, என்ட்ரோபி −22.13. ஐந்தால் பெருக்கி, அதே வளையச் செலவு, அதே உப்புத் திருத்தம். விடை 331.4 கெல்வின். எடுத்துக்காட்டின் 334க்கும் இதற்கும் மூன்று கெல்வின்கூட இல்லை. பென்சிலால் போட்ட கணக்கு இவ்வளவு நெருங்கி வந்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

அதற்காக மாதிரி இயற்கையை நிரூபித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆக்ஸ்டிஎன்ஏவின் வலிமை எண்களே சாண்டாலூசியா முறை கணிக்கும் உருகு வெப்பநிலைகளுக்குப் பொருந்தும்படி தேர்ந்தெடுக்கப்பட்டவை. இரண்டும் ஒத்துப்போவது, நிறுவல் சரி, கோப்புகள் சரி, நான் கேட்ட கேள்வி மாதிரியின் எல்லைக்குள் இருக்கிறது என்பதற்குச் சான்று. அட்டவணையால் சொல்ல முடியாதது வேறு: எந்த முனை முதலில் பிரிகிறது, எந்த முட்டல் பிடித்துக்கொள்கிறது, வளையத்துக்குள் என்ன நடக்கிறது என்பவை. ஓட்டத்தின் மதிப்பு அங்கேதான். அந்தப் பகுதியை நம்ப வேண்டுமானால் முதலில் இந்தப் பகுதி ஒத்துப்போயிருக்க வேண்டும். எந்த மாதிரியை எடுத்தாலும் முதலில் காகிதத்தோடு ஒப்பிடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அடுத்த ஓட்டத்தில் சராசரியை அணைத்து, எழுத்துக்கேற்ற வலிமைக் கோப்பைக் கொடுத்தேன். இன்புட்டில் இரண்டே வரி மாற்றம். வெப்பநிலை அதே 334. காகிதம் என்ன எதிர்பார்க்கிறது? உருகு வெப்பநிலை 339.6 என்றால் 334இல் மடிப்பின் பக்கம் முக்கால் கிலோகலோரி சாதகம், அதாவது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நேரம் மடிந்திருக்க வேண்டும். ஓட்டமும் அந்தப் பக்கமே சாய்ந்தது. சராசரி மாதிரியில் பூஜ்யத்தில் கிடந்த நீண்ட தட்டுகள் இதில் குட்டையாகிவிட்டன. பங்கு இத்தனை சதவீதம் என்று இந்த ஓட்டத்தை வைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அதற்குக் காரணம் மடிந்து விரியும் தாவல்களின் எண்ணிக்கை.

இரவு முழுக்க ஓட்டினாலும் தாவல்கள் அரிதாகவே வரும். கோடிக்கணக்கான வரிகள் கையில் இருந்தாலும், பங்கைத் தீர்மானிப்பவை அந்தச் சில தாவல்கள்தான். ஒரு மடிப்பு தற்செயலாகக் கொஞ்சம் நீண்டுவிட்டால் விகிதமே மாறிவிடும். இந்த அமைப்பில் வெப்பநிலை ஒரு கெல்வின் மாறினாலே மடிந்த பங்கு ஏறக்குறைய ஐந்து சதவீதம் நகர்கிறது. பங்கில் உள்ள பிழை அப்படியே உருகு வெப்பநிலையில் போய் உட்காரும்.

இதற்குத்தான் மான்டே கார்லோ, அதாவது தற்செயல் நகர்வுகளால் நிலைகளை அலசும் முறை. ஆக்ஸ்டிஎன்ஏவில் விஎம்எம்சி என்ற வகை இருக்கிறது, வைட்லாம், கைஸ்லர் இருவரும் 2007இல் கொடுத்த முறை. ஒவ்வொரு துகளாக நகர்த்தினால் ஒட்டிக்கொண்டிருக்கும் துகள்கள் நகரவே மாட்டா. இது ஒரு துகளை அசைத்துவிட்டு, அதோடு சேர்ந்து எவை வர வேண்டும் என்று விசைகளைப் பார்த்து முடிவு செய்து, கூட்டமாக நகர்த்துகிறது. அதோடு எடைகளும் சேரும். சரியான பிணைப்புகளின் எண்ணிக்கையை அளவுகோலாக வைத்து, பூஜ்யத்திலிருந்து ஆறு வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை எழுதித் தர வேண்டும். சிமுலேஷன் தங்க மறுக்கும் ஒன்று, இரண்டு பிணைப்பு நிலைகளுக்கு அதிக எடை. அங்கே செயற்கையாக நேரம் செலவழித்துவிட்டு, கடைசியில் எடையால் வகுத்து உண்மை விகிதத்தை மீட்டுவிடலாம். எடைகள் சரியாக இருந்தால் எண்ணிக்கை மேலும் கீழுமாகத் தாராளமாக அலையும். முதலில் குத்துமதிப்பாக எழுதி ஓட்டி, எந்த நிலைக்கு ஆள் குறைவோ அதற்கு எடையைக் கூட்டி, மறுபடி ஓட்டி என்று படிப்படியாகச் சரி செய்வதுதான் நடைமுறை.

இதில் கிடைக்கும் கட்டற்ற ஆற்றல் வரைபடம்தான் (எத்தனை பிணைப்புள்ள நிலை எவ்வளவு சாதகம் என்று காட்டுவது) இந்த முயற்சி முழுவதிலும் எனக்குப் பிடித்த படம். பூஜ்யத்திலிருந்து முதல் பிணைப்புக்குச் செங்குத்தான ஏற்றம். வளையத்தை மூட இழை விட்டுக்கொடுக்கும் சுதந்திரத்தின் விலை அது. அதற்கப்புறம் ஒவ்வொரு பிணைப்புக்கும் இறக்கம். மூன்றிலும் நான்கிலும் ஏன் தங்கவில்லை என்ற முந்தைய கோட்டின் புதிருக்கு விடை இந்தச் சரிவில் இருக்கிறது.

ஒரு வெப்பநிலையில் ஓட்டியதைப் பக்கத்து வெப்பநிலைகளுக்கும் நீட்டிக்கலாம், அதற்கான வசதி உள்ளேயே இருக்கிறது. அந்த வேலையைப் பொதுவான ஒரு சூத்திரத்தால் நாமே வெளியே செய்யக் கூடாது. ஆக்ஸ்டிஎன்ஏவில் அடுக்கலின் வலிமையே வெப்பநிலையோடு மாறுகிறது: முதல் பதிப்பில் 1.3448, அதனோடு வெப்பநிலையின் 2.6568 மடங்கு. கைவிட்ட அணுக்களின் என்ட்ரோபியை ஈடுகட்ட வைத்தது இது. வெப்பநிலை மாறினால் அதே அமைப்பின் ஆற்றலும் மாறும், அதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

நடைமுறையில் இன்னும் ஒன்று. ஓட்டம் நடக்கும்போது மின்சாரம் போனால் எல்லாம் போய்விடாது. பாதைக் கோப்பில் பதிவான ஒவ்வொரு நிலையும் அமைப்புக் கோப்பின் அதே வடிவத்தில்தான் இருக்கிறது. கடைசி முழு நிலையை வெட்டி எடுத்துப் புதிய தொடக்கமாகக் கொடுக்கலாம். வேகங்களைப் புதிதாகக் குலுக்கவும் வேண்டாம், படி எண்ணைப் பூஜ்யமாக்கவும் வேண்டாம் என்று இன்புட்டில் சொல்லிவிட்டால் தொடர்ச்சி கெடாது.

உப்பைப் பற்றி அக்கறை உள்ளவர்கள் இரண்டாம் பதிப்புக்குப் போக வேண்டும். அதில் மின்விலக்கு வருகிறது, செறிவைக் கொடுக்கலாம். 0.5 மோலாரில் மின்விலக்கின் எட்டும் தூரம் 0.43 நானோமீட்டர், 0.1 மோலாரில் ஏறக்குறைய ஒரு நானோமீட்டர். அதற்கும் கீழே போவது மாதிரி பொருத்தப்பட்ட எல்லைக்கு வெளியே. மக்னீசியம் இதில் இல்லவே இல்லை. ஒரிகாமி ஆய்வகங்களில் மக்னீசியக் கரைசல்தான் வழக்கம் என்பதால் பலர் அதற்கு ஈடாக அதிகச் சோடியத்தை வைத்து ஓட்டுகிறார்கள். வடிவத்தைப் பார்க்க அது போதுமானதாக இருக்கலாம். மக்னீசியம் இரண்டு இழைகளுக்கு நடுவே செய்யும் குறிப்பான வேலையைக் கேட்டால் இந்த மாதிரியிடம் பதில் கிடையாது.

அடுத்து வளையத்தை ஆறிலிருந்து நான்கு எழுத்தாகக் குறைக்கப் போகிறேன். நான்கு எழுத்து வளையத்தின் மூடும் செலவு 4.0க்குப் பதில் 3.5. சராசரி எண்களை வைத்துப் போட்டால் உருகு வெப்பநிலை 331.4இலிருந்து 335.8க்கு ஏற வேண்டும் என்கிறது காகிதம். டாப்பாலஜியில் இரண்டு வரிகளை நீக்கி எண்களை வரிசைப்படுத்திவிட்டேன். எடைகளைப் பழைய ஓட்டத்திலிருந்தே எடுத்துத் தொடங்குகிறேன், தண்டு அதேதான் என்பதால் அதிகம் மாற்ற வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.